அறிவியலுக்கு மூளையைத் தந்த ஆட்டக்காரர்

ஓர் ஆட்டக்காரரின் வரலாற்றுக்கு அறிவியல் இதழில் என்ன வேலை என்று வாசகர்கள் எண்ணக்கூடும். வெற்றி தோல்விகளையும் கோப்பைகளையும் எழுதச் செய்தித்தாளின் கடைசிப் பக்கம் இருக்கிறதே! உண்மைதான். ஆனால் இங்கு நாம் காணப்போகும் டேவ் டூயர்சன் என்ற அமெரிக்கர், 11 ஆண்டுகள் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்து ஈட்டிய புகழைக் காட்டிலும் அருமையான ஒரு பொருளைத் தம் 50-ஆம் வயதில் மருத்துவர்களிடம் விட்டுச் சென்றார். அது அவருடைய மூளை. அது ஏன் ஆராய்ச்சிக்கூடத்திற்குச் சென்றது, அதில் என்ன கண்டார்கள், கண்டதிலிருந்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பவையே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் அந்த ஆட்டத்தைச் சிறிது தெரிந்துகொள்வோம். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் அறிந்த கால்பந்தன்று. நம்முடையதை அவர்கள் 'சாக்கர்' என்பர். அவர்களுடைய பந்து இருபுறமும் கூம்பிய நீள்வடிவம் கொண்டது. பெரும்பாலும் கையாலேயே ஆடப்படுவது. 100 கெஜ நீளமுள்ள களத்தில் அணிக்கு 11 பேர் நிற்பர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் தரப்படும். அதற்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சிகள். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு எல்லைக்கோட்டைக் கடந்தால் 6 புள்ளிகள். பந்துடன் ஓடுபவரை எதிரணியினர் தம் உடலால் மோதித் தரையில் வீழ்த்தலாம். அது தவறாட்டம் அன்று. ஆட்டமே அதுதான்.

இதில் தாக்கும் 11 பேர் வேறு, தடுக்கும் 11 பேர் வேறு. பந்து கைமாறியதும் ஒரு கூட்டம் வெளியேற மற்றொரு கூட்டம் உள்ளே வரும். தடுப்போர் மூன்று அடுக்குகளாக நிற்பர். முன்வரிசையில் நிற்கும் பேருடல் கொண்டவர்கள் எதிரணியின் முன்வரிசையோடு ஒவ்வொரு முறையும் முட்டி மோதுவர். அவர்களுக்குப் பின்னால் நடு அடுக்கு. கடைசி அடுக்கில் இருப்பவர்களுள் இருவருக்குச் 'சேப்டி' என்று பெயர். முன்னிருப்போரைத் தாண்டி வருபவரைப் பிடித்து நிறுத்தவேண்டிய கடைசிக் காவலர்கள் இவர்களே. தொலைவிலிருந்து முழு வேகத்தில் ஓடிவந்து, எதிரே முழு வேகத்தில் வருபவர்மீது மோதுவது இவர்கள் தொழில். டூயர்சன் ஒரு சேப்டி.

சிகாகோவின் கரடிகள்

டேவிட் ரஸ்ஸல் டூயர்சன் 1960 நவம்பர் 28-இல் இந்தியானா மாநிலத்திலுள்ள மன்சி என்னும் ஊரில் பிறந்தார். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் 1979 முதல் 1982 வரை ஆடினார். பொருளியலில் பட்டமும் பெற்றார். 1983-ஆம் ஆண்டு சிகாகோ பேர்ஸ் என்னும் தொழில்முறை அணி அவரை மூன்றாம் சுற்றில் தேர்ந்தெடுத்தது. 'பேர்ஸ்' என்றால் கரடிகள்.

அந்த அணியின் தடுப்பாட்டத்தை வகுத்தவர் படி ரையன் என்ற பயிற்சியாளர். அவருடைய முறைக்கு '46' என்று பெயர். இது ஆட்களின் எண்ணிக்கையைக் குறிப்பதன்று. அம்முறையை அவர் உருவாக்கிய காலத்தில் சேப்டியாக ஆடிய டக் பிளாங்க் என்பவரின் சட்டை எண் அது. பின்னால் நிற்க வேண்டிய சேப்டியை முன்வரிசைக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்துவதே அதன் சூட்சுமம். எட்டுப் பேர் முன்னே நெருக்கி நிற்க, யார் பாய்வார், யார் பின்வாங்குவார் என்று எதிரணித் தலைவருக்குத் தெரியாது. அதனால் சிகாகோவின் சேப்டி ஓடிவந்து மோதும் வேலையோடு முன்வரிசைக்காரர்களின் முட்டல் வேலையையும் சேர்த்துச் செய்யவேண்டியிருந்தது.

1985-இல் அவ்விடத்தில் ஆடிவந்த டாட் பெல் ஊதியப் பூசலால் அந்தப் பருவம் முழுவதும் ஆடாமல் நின்றுவிட்டார். இடம் டூயர்சனுக்கு வந்தது. அவ்வாண்டு சிகாகோ அணி ஆடிய 16 வழக்கமான ஆட்டங்களில் 15-இல் வென்றது. அடுத்து வந்த இரண்டு தகுதிச்சுற்று ஆட்டங்களிலும் எதிரணிகளுக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. 1986 ஜனவரி 26-இல் நியூ ஆர்லியன்சில் நடந்த இறுதி ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து அணியை 46-10 என்று வென்றது. அன்று எதிரணியினர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடிக் கடந்த தொலைவு, ஆட்டம் முழுவதற்குமாகச் சேர்த்தே 7 கெஜம்தான்!

பந்தை எறியவேண்டிய எதிரணித் தலைவரை, அவர் எறிவதற்கு முன்பே வீழ்த்துவதைச் 'சாக்' என்பர். 1986-ஆம் ஆண்டுப் பருவத்தில் டூயர்சன் ஏழு முறை இதைச் செய்தார். பின் அடுக்கில் ஆடும் ஒருவர் செய்த இச்சாதனை 2005 வரை முறியடிக்கப்படவில்லை. 1985 முதல் 1988 வரை நான்கு ஆண்டுகளும் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான சிறப்பு ஆட்டத்திற்குத் தேர்வு பெற்றார். சமூகத் தொண்டுக்காக 1987-இல் ஆண்டின் சிறந்த மனிதர் என்ற விருதும் கிடைத்தது. பின்னர் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்து 1991 ஜனவரியில் இரண்டாவது முறையாக வாகை சூடினார். பீனிக்ஸ் அணியில் ஆடி 1993-இல் ஓய்வு பெற்றார்.

இந்த 11 ஆண்டுகளில் பலமுறை அவருக்குத் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டதுண்டு. அக்காலத்தில் அதற்கு ஆட்டக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'மணி அடித்துவிட்டது' என்பதாகும். காதில் மணி ஒலிப்பது நின்றதும் களத்திற்குத் திரும்பிவிடுவார்கள்.

தலைக்கவசம் காப்பது எதை?

'தலைக்கவசம் அணிந்துதானே ஆடுகிறார்கள்?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அமெரிக்கத் தேசியக் கால்பந்துக் கழகம் 1943-இலேயே தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. முதலில் தோலாலும் பிறகு பிளாஸ்டிக்காலும் செய்தார்கள். 1950-களில் முகத்துக்குக் கம்பியும் வந்தது. அதனால் மண்டையோடு உடைந்து இறப்பது வெகுவாகக் குறைந்தது.

ஆனால் ஒரு தயிர்ப் பானையை எண்ணிப் பாருங்கள். வைக்கோலையும் துணியையும் நன்றாகச் சுற்றி அதை வண்டியில் ஏற்றுகிறீர்கள். வண்டி வேகமாகப் போய்ச் சட்டென்று நின்றால் பானை உடையாது. உள்ளே இருக்கும் தயிர் கலங்காமல் இருக்குமா? மூளையின் நிலையும் இதுவே. ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ள அவ்வுறுப்பு, கெட்டியான மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. நியூட்டனின் முதல் விதியை நீங்கள் பள்ளியில் படித்திருப்பீர்கள். ஓடுபவரின் தலை சட்டென்று நிறுத்தப்பட்டாலும், உள்ளிருக்கும் மூளை தன் வேகத்திலேயே செல்ல முயலும். கவசம் மோதலின் கூர்மையைக் குறைத்து மண்டையோட்டைக் காப்பாற்றும். மூளை உள்ளே நகர்வதை அதனால் முழுதும் தடுக்க இயலாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டூயர்சனின் எடை ஏறத்தாழ 94 கிலோகிராம். அவர் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடிவருவதாகக் கொள்வோம். எடையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும். விடை ஏறத்தாழ 3,000 ஜூல். அதே மனிதர் மூன்றேகால் மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஓர் அறையின் கூரைக்கும் சற்று மேலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது இருக்கும் ஆற்றல் அது. எதிரே வருபவரும் அதே வேகத்தில் வந்தால் அவருடைய ஆற்றலும் இதோடு சேரும்.

நேர்கோட்டு அதிர்ச்சியைவிடத் தலை திருகிக்கொள்ளும்போது உண்டாகும் அதிர்ச்சி கொடியது. அப்போது மூளையின் ஒரு பகுதி முன்னும் ஒரு பகுதி பின்னுமாக இழுபடுகிறது. நரம்பணுக்களை இணைக்கும் மெல்லிய நரம்பிழைகள் நீளுகின்றன, சில அறுகின்றன. மூளையின் மேற்பரப்பில் காணும் மடிப்புகளின் அடிப்பகுதியில்தான் இந்த இழுவிசை மிகுதி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கவசத்தால் எதிர்பாராத விளைவு ஒன்றும் நேர்ந்தது. தலை பத்திரமாக இருக்கிறது என்ற துணிவு வந்ததும், ஆட்டக்காரர்கள் தலையையே ஆயுதமாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். தலையைக் குனிந்து ஈட்டிபோல் பாய்வதைப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் 1976-இல் தடை செய்ய நேர்ந்தது. அதுவும் கழுத்தெலும்பு முறிவுகளைக் கண்டு அஞ்சியே அன்றி, மூளையை எண்ணியன்று.

குத்துச்சண்டைக்காரரின் நோய்

தலையில் அடிபடுவது மூளையைக் கெடுக்கும் என்பது புதிய செய்தியா? இல்லை. 1928-ஆம் ஆண்டிலேயே நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் இதுபற்றி அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதினார். வயதான குத்துச்சண்டைக்காரர்கள் தள்ளாடி நடப்பதையும் குழறிப் பேசுவதையும் மறதிக்கு ஆளாவதையும் பார்வையாளர்கள் 'குத்து வெறி' என்று கேலி செய்துவந்தார்கள். குடிவெறியைப் போன்றது என்பது பொருள். அது கேலிக்குரியதன்று, மூளையில் ஏற்பட்ட நோய் என்றார் மார்ட்லண்ட். கடிகார முகப்புகளுக்கு ரேடியச் சாயம் பூசிய பெண்கள் நச்சுக்கு ஆளானதை மெய்ப்பித்தவரும் இதே மார்ட்லண்ட்தான். தொழில் மனிதனை எப்படித் தின்கிறது என்று பார்க்கத் தெரிந்த கண் அவருடையது.

1973-இல் இங்கிலாந்தில் கார்செலிஸ் என்பவரும் அவருடைய குழுவினரும் 15 குத்துச்சண்டைக்காரர்களின் மூளைகளை ஆராய்ந்து விரிவான கட்டுரை வெளியிட்டனர். அத்தனைக்குப் பின்னும், கவசம் அணிந்து ஆடும் கால்பந்துக்காரருக்கும் இந்நோய் வரலாம் என்று எண்ணி, அவர்களின் மூளையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. என் கருத்தில் இவ்வரலாற்றின் வியப்பே இதுதான்.

தோன்றியது 2002-இல். பிட்ஸ்பர்க் அணியில் புகழ்பெற்று விளங்கிய மைக் வெப்ஸ்டர் மனநிலை தடுமாறி, வறுமையுற்று, 50 வயதில் இறந்தார். அவரது உடலை ஆய்வு செய்தவர் நைஜீரியாவில் பிறந்த பென்னெட் ஒமாலு என்ற இளம் மருத்துவர். வெளிப்பார்வைக்கு மூளை நன்றாகவே இருந்தது. ஆயினும் அதை மெல்லிய தகடுகளாகச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தபோது, 'டௌ' என்னும் புரதம் திட்டுத்திட்டாகப் படிந்திருக்கக் கண்டார்.

டௌ என்பது நச்சுப்பொருள் அன்று. நம் எல்லோருடைய மூளையிலும் இருப்பது. நரம்பிழைகளுக்குள் தண்டவாளங்கள்போல் நுண்குழல்கள் ஓடுகின்றன. உயிரணுவுக்கு வேண்டிய பொருள்கள் அவற்றின் வழியே செல்கின்றன. அக்குழல்கள் குலையாமல் கட்டிவைப்பது டௌ புரதம். மீண்டும் மீண்டும் இழுபடும்போது இக்கட்டு அவிழ்கிறது. அவிழ்ந்த புரதம் உருமாறி ஒன்றோடொன்று சிக்கி முடிச்சாகிறது. நரம்பணு செயலிழந்து மடிகிறது. முதுமையில் வரும் அல்சைமர் நோயிலும் டௌ முடிச்சுகள் உண்டு. ஆனால் அவை பரவும் விதம் வேறு. இந்நோயில் முடிச்சுகள் மூளை மடிப்புகளின் அடியில், நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றித் தோன்றுகின்றன. எந்த இடத்தில் இழுவிசை மிகுதி என்று மேலே கண்டோமோ, அதே இடம்! ஆங்கில முதலெழுத்துகளால் இதைச் சி.டி.ஈ. என்கிறார்கள். தொடர்ந்த அடிகளால் வரும் நாட்பட்ட மூளைச்சிதைவு என்று நாம் சொல்லலாம்.

ஒமாலு தம் முடிவுகளை 2005-இல் வெளியிட்டார். கால்பந்துக் கழகம் 1994-இலேயே மூளைக்காயங்களை ஆராய ஒரு குழுவை அமைத்திருந்தது. அதன் தலைவர் மூளை மருத்துவர் அல்லர், மூட்டுநோய் மருத்துவர்! அக்குழுவைச் சேர்ந்தவர்கள் ஒமாலுவின் கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும் என்று இதழுக்கு எழுதினார்கள். இதழ் இணங்கவில்லை. 2006 நவம்பரில் பிலடெல்பியா அணியின் முன்னாள் சேப்டி ஆண்ட்ரே வாட்டர்ஸ் 44 வயதில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மூளையிலும் ஒமாலு அதே முடிச்சுகளைக் கண்டார். சிகாகோவை விட்டு 1986-இல் பிலடெல்பியாவுக்குச் சென்ற படி ரையனிடம் ஆடியவர் வாட்டர்ஸ்.

நீதிபதியின் இருக்கையில்

ஓய்வுக்குப் பின் டூயர்சன் தொழிலதிபரானார். மக்டொனால்ட்ஸ் உணவகங்களுக்கு இறைச்சிப் பண்டம் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனத்தை நடத்திச் செல்வந்தராக வாழ்ந்தார். தாம் படித்த பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் குழுவிலும் இடம் பெற்றார். நாளடைவில் தொழில் நொடித்தது, கடன் பெருகியது, இல்லறமும் குலைந்தது.

ஓய்வுபெற்ற ஆட்டக்காரர்களின் ஓய்வூதியத்தையும் ஊனத்தொகையையும் முடிவு செய்ய ஆறு பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. மூவரை அணி உரிமையாளர்களும் மூவரை ஆட்டக்காரர் சங்கமும் நியமிப்பர். 2006-இல் சங்கத்தின் சார்பில் டூயர்சன் அதில் அமர்ந்தார். தலைவலி, மறதி, மனக்குழப்பம் என்று சொல்லிக்கொண்டு உதவி கேட்டு வந்த பழைய ஆட்டக்காரர்களின் விண்ணப்பங்களைப் படித்து, கொடுக்கலாம் அல்லது கூடாது என்று வாக்களிப்பது அவர் வேலை.

2007 செப்டம்பரில் அமெரிக்கச் செனட் சபைக் குழுவின் முன் இதுபற்றிச் சான்றளித்தார். மூளைநோய்க்கு ஆட்டமே காரணம் என்று சொல்வதை அவர் ஏற்கவில்லை. தம் தந்தைக்கு 84 வயது, அவருக்கு அல்சைமர் நோய், அவர் தொழில்முறைக் கால்பந்து ஆடியவரே அல்லர் என்று எடுத்துக் காட்டினார்.

வாசகர்கள் இந்த வாதத்தைச் சற்று நிறுத்திப் பார்க்கவேண்டும். புகை பிடிக்காதவருக்கும் நுரையீரல் புற்றுநோய் வருவதுண்டு. அதைக் கொண்டு புகையிலை குற்றமற்றது என்று சொல்லலாகுமா? ஒரு நோய் வேறு வழியிலும் வரும் என்பது, இந்த வழியில் வராது என்பதற்குச் சான்றாகாது. நல்ல கல்வி பெற்றவர், பொருளியல் படித்தவர், இந்தத் தவறான வாதத்தைச் செனட் சபையில் சொன்னார். ஆனால் அவரைக் கொடியவராக எண்ணிவிடவும் கூடாது. அன்று கையிலிருந்த சான்று சில மூளைகள் மட்டுமே. சங்கத்தின் பணமோ அளவுக்குட்பட்டது. இன்னொன்று: ஆட்டத்தால் மூளை கெடும் என்று அவர் ஒப்புக்கொண்டால், தம்மைப் பற்றியும் அதையே ஒப்புக்கொண்டாக வேண்டும். 2015-இல் வந்த 'கன்கஷன்' என்ற திரைப்படம் அவரை இரக்கமற்றவராகக் காட்டியதை அவர் குடும்பத்தினர் கண்டித்தார்கள். அவர்கள் கண்டித்தது முறையே என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டுகளில் டூயர்சனுக்கே தலைவலி வந்தது. பார்வை மங்கியது. நினைவு தவறியது. சொற்கள் வாய்க்கு வரவில்லை. பிறருடைய விண்ணப்பங்களில் அவர் படித்துவந்த அதே குறிகள்.

2011 பிப்ரவரி 17-ஆம் நாள் ப்ளோரிடாவில் தம் இல்லத்தில் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். மூளைக்கு ஊறு நேராதபடி பார்த்துக்கொண்டார். தம் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிடுமாறு குடும்பத்தாருக்குச் செய்தி அனுப்பியிருந்தார், எழுதியும் வைத்திருந்தார்.

கண்டதும் காணாததும்

மூளை பாஸ்டன் பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. அங்கு 2008-இல் இந்நோய்க்கென்றே ஓர் ஆய்வு நடுவம் தொடங்கப்பட்டிருந்தது. ஆன் மெக்கீ என்ற பெண் மருத்துவர் அதை ஆராய்ந்தார். 2011 மே 2-ஆம் நாள் முடிவு அறிவிக்கப்பட்டது. டூயர்சனுக்குச் சி.டி.ஈ. நோய் இருந்தது, ஐயத்திற்கு இடமின்றி, ஓரளவு முற்றிய நிலையில் இருந்தது. முன்மூளைப் புறணி, அச்சத்தையும் சினத்தையும் ஆளும் அமிக்டலா, நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸ் ஆகிய பகுதிகளில் சேதம் மிகுந்திருந்தது. வேறு மூளைநோய் எதற்கும் அறிகுறி இல்லை. தந்தைக்கு வந்த அல்சைமர் நோய் மகனுக்கு இல்லை. செனட் சபையில் அவர் எழுப்பிய கேள்விக்கு அவருடைய மூளையே விடை சொன்னது.

அப்படியானால் இந்நோய்தான் அவரைக் கொன்றதா? இங்கே அவசரப்படக் கூடாது. தொழில் நட்டம், கடன், குடும்பப் பிரிவு ஆகியவையும் அவர் வாழ்வில் இருந்தன. புரத முடிச்சுகளை நுண்ணோக்கியில் காணலாம்; ஒருவர் எடுத்த முடிவின் காரணத்தைக் காண முடியாது. அவர் மூளை நோயுற்றிருந்தது என்பது மெய்ப்பிக்கப்பட்ட உண்மை. அதற்கு மேல் சொல்வது ஊகம்.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. 2017-இல் பாஸ்டன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், தேசியக் கழகத்தில் ஆடிய 111 பேரின் மூளைகளில் 110-இல் இந்நோய் காணப்பட்டது. உடனே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆட்டக்காரருக்கு இந்நோய் வரும் என்று எழுதினால் அது பிழை. எந்தக் குடும்பம் மூளையைத் தானம் செய்யும்? பெரும்பாலும் நோய்க்குறிகளைக் கண்டு கலங்கிய குடும்பம்தான். மருத்துவமனை வாயிலில் நின்று எண்ணிவிட்டு ஊரில் எல்லோரும் நோயாளிகள் என்று சொல்வது போன்றது அது. ஆய்வை எழுதியவர்களே இக்குறையை ஒளிக்காமல் கூறியிருக்கிறார்கள்.

ஆனால் தானமாக வந்த மூளைகளையே ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இக்குறை பெரிதும் நீங்குகிறது. கூடுதலாக ஆடியவருக்கு நோய் கூடுதலா என்று கேட்கலாம் அல்லவா? இறந்துபோன 266 ஆட்டக்காரர்களை வைத்துக் கேட்டார்கள். ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் நோய்க்கான வாய்ப்பு 30 விழுக்காடு உயர்ந்தது, 2.6 ஆண்டுகளில் இருமடங்கானது. 2023-இல் 631 மூளைகளை வைத்துச் செய்த ஆய்வில் இதைவிட முக்கியமான ஒன்று தெரிந்தது. ஒருவருக்கு எத்தனை முறை மூளை அதிர்ச்சி வந்தது என்பதற்கும் நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. வாழ்நாளெல்லாம் தலை ஏற்ற அடிகளின் எண்ணிக்கையும் வலிமையும் சேர்ந்த மொத்தத் தொகைக்கே தொடர்பு இருந்தது. மயங்கி விழச் செய்யும் அடியை எல்லோரும் பார்க்கிறார்கள். மயக்கமே தராத ஆயிரக்கணக்கான சிறிய முட்டல்கள் எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. டூயர்சனைப் போன்ற தடுப்பாட்டக்காரர்களின் அன்றாட வேலை அத்தகைய முட்டல்களே.

அதன் பின்

நோயைக் கால்பந்துக் கழகம் ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. 2012 மே மாதம் ஜூனியர் சேயோ என்ற மற்றொரு தடுப்பாட்டக்காரர் 43 வயதில் டூயர்சனைப் போலவே இறந்தார். இருபது பருவங்கள் ஆடியவர் அவர். 2013 ஜனவரியில் அவருக்கும் இதே நோய் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான முன்னாள் ஆட்டக்காரர்கள் தொடுத்த வழக்கில் ஏற்பட்ட உடன்பாட்டை 2015-இல் நீதிமன்றம் ஏற்றது. ஆட்டத்திற்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டென்று கழகத்தின் உயர் அலுவலர் ஒருவர் நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் வெளிப்படையாகச் சொன்னது 2016 மார்ச்சில்தான்.

உயிரோடிருப்பவரிடம் இந்நோயை உறுதியாகக் கண்டறியும் வழி இன்னும் கிடைக்கவில்லை. இறந்தபின் மூளையைச் சீவிப் பார்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. கதிரியக்கப் பொருளைச் செலுத்தி டௌ முடிச்சுகளைப் படமெடுக்கவும், இரத்தத்தில் அதன் தடயத்தைத் தேடவும் முயற்சிகள் நடக்கின்றன. அம்முயற்சிகள் சரியா தவறா என்று உரைத்துப் பார்க்க, தானமாக வந்த மூளைகளே உரைகல்லாக உள்ளன.

ஆட்ட விதிகளும் மாறின. தலையைத் தாழ்த்திக் கவசத்தால் எதிராளியை மோதுவது 2018 முதல் குற்றம். அப்படி மோதினால் 15 கெஜம் தண்டம். மோதியவரை நடுவர் களத்தை விட்டு வெளியேற்றவும் செய்யலாம். 2022 முதல் பயிற்சியின்போது முன்வரிசைக்காரர்கள் முதலியோர் கவசத்தின்மேல் மெத்தை போன்ற மேலுறை ஒன்றை அணியவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். 1985-ஆம் ஆண்டுச் சிகாகோ அணியின் ஆட்டப் படங்கள் இன்றும் திரையிடப்படுகின்றன. அவற்றில் பார்வையாளர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்யும் மோதல்கள் பல, இன்றைய நடுவரின் கண்ணில் பட்டால் தண்டத்திற்கு உரியவை.